பொறுப்பானவரின் பெயர்

பூச்சியம் வரவேண்டிய இடத்தில் மூன்று வந்தது. கோடியில் மூன்று பங்கு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். மூன்றுதான். பக்கத்தில் சிவப்பு எழுத்தில், "மூலம்: தடைசெய்யப்பட்ட நாடு" என்று இருந்தது.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஆலை திறந்த முதல் நாள் காலை அது. பதினோரு வருடமாக அந்த மூலச் சோதனை அறையில் உட்கார்ந்திருக்கிறேன். பூச்சியத்தைத் தவிர வேறு எண்ணை நான் பார்த்ததில்லை. பூச்சியத்தைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே.

இரண்டு அண்ணன்மாரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் நாங்கள் அந்த நாடுகளைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. நெடுங்காலமாக உலகத்தையே அதட்டிக்கொண்டிருந்த நாடு பெரியண்ணன். பின்னால் வந்து, மளமளவென்று வளர்ந்து, பெரியண்ணன் விற்றதையெல்லாம் பாதி விலைக்கு விற்க ஆரம்பித்த நாடு சின்னண்ணன். கார், விமானம், மின்விசிறி என்று எதில் மோட்டார் ஓடினாலும் அதற்குள் இருக்கும் காந்தம் சின்னண்ணனிடமிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் ஏதோ வரித் தகராறில் அவன் காந்தத்தை நிறுத்தினான். பெரியண்ணனின் தொழிற்சாலைகள் படுத்துவிட்டன. அலறியடித்துக்கொண்டு அவன் வேறு மண்ணைத் தேடிப் போன இடங்களில் எங்கள் கடற்கரையும் ஒன்று. எங்கள் மணலில் காந்தத்துக்கு வேண்டிய சரக்கு இருந்தது. பைபாஸ் ரோட்டில் ஆலை எழும்பியது. மூவாயிரத்து இருநூறு பேருக்கு வேலை. அவர்கள் சண்டையில் நாங்கள் சோறு தின்றோம், பொய் சொல்வானேன்.

ஆனால் பெரியண்ணனுக்கு ஒரு வீம்பு. சின்னண்ணனின் மண்ணில் பிறந்த ஒரு துகள்கூடத் தன் எல்லைக்குள் வரக்கூடாது. அதற்காக அவன் செய்து அனுப்பிய கருவிதான் மூலங்காட்டி. பார்க்க ஓர் இட்லிக் கொப்பரை அளவுக்கு இருக்கும். ஒரு பொருளை அதன் வாய்க்குள் வைத்தால், அது எந்த நாட்டு மண், எந்த உலையில் உருகியது என்று சொல்லிவிடும். சொல்வதை எனக்கு மட்டும் சொல்லாது. நான் படித்து முடிப்பதற்குள் பெரியண்ணனின் அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

அதனால் மறைக்கலாமா என்று யோசிக்கிற பாவத்துக்குக்கூட எனக்கு இடம் இல்லை. ஆலை மேலாளர் மச்சாதுவின் அறைக்கு ஓடினேன்.

லியோன் மச்சாது துறைமுகக் குடும்பத்தில் பிறந்தவர். கப்பல் தாமதமானால்கூடக் குரல் உயர்த்தாத மனிதர். திரையைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"மறுபடி ஓட்டிப் பாத்தீரா?"

"மூணு தடவை ஓட்டினேன் சார். மூணு, மூணு, ரெண்டு."

"எந்தச் சரக்கு?"

"நாளைக்குக் கப்பல் ஏறவேண்டியது. நாப்பது பெட்டி."

அவருடைய மேசையில் அதற்குள் கடிதம் வந்திருந்தது. படித்துவிட்டு என் பக்கம் திருப்பினார். பெரியண்ணனின் கடிதங்கள் எப்போதும் ரொம்ப மரியாதையாக இருக்கும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் விளக்கம் வேண்டும். தடைப்பொருள் எப்படி உள்ளே வந்தது, கொண்டுவந்தவர் யார். கீழே ஒரு கட்டம்: பொறுப்பானவரின் பெயர்.

"கட்டம் காலியா இருந்தா?" என்று கேட்டேன்.

"காலியா இருந்தா யாரு கொண்டுவந்தான்னே தெரியாத ஆலைன்னு அர்த்தம். அப்ப மொத்த ஆலையும் விலக்குப் பட்டியல்ல போயிரும். ஒரு ஆளு தெரியாம செஞ்சதுன்னு பேரு குடுத்தா ஆளோட போயிரும். ஆலை தப்பிக்கும்." மச்சாது நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பட்டியல்ல போற ஆளுக்கு என்ன ஆகும்னு உமக்குத் தெரியும்லா?"

தெரியாமல் என்ன. பெரியண்ணன் தொட்ட எதையும் அந்த ஆள் தொட முடியாது. அவன் போன், அவன் வங்கி, அவன் மருந்து, அவன் பள்ளிக்கூடம். குடும்பமும் சேர்த்தி. என் மகள் ரித்திகா அப்போது பெரியண்ணனின் நாட்டில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். பட்டம் வாங்க ஏழு மாதம் பாக்கி. அந்த நிமிடம் வரை அவளுக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"ஆயுத பூஜைக்கு வெளிய இருந்து என்னென்ன வந்துச்சுன்னு பாரும்" என்றார் மச்சாது. "அன்னிக்கு ஒரு நாளுதான் நாம கதவ ஒழுங்கா பாக்கல."

அது உண்மை. காந்தங்களைத் தேய்த்து வடிவாக்கும் தேய்ப்புக் கூடத்துக்குள் ஒரு பொடி, ஒரு தூசி கொண்டுபோகக் கூடாது என்பது விதி. ஆயுத பூஜைக்கு மட்டும், உள்ளே இருக்கும் எல்லா இயந்திரத்துக்கும் சேர்த்து வெளிவாசல் நிலையில் பொட்டு வைக்க மச்சாது அனுமதி கொடுப்பார். அவர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் பொட்டு வைக்காத இயந்திரத்தை எங்கள் ஆட்கள் மறுநாள் தொடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். எங்கள் ஊரில் கம்ப்யூட்டருக்கும் பொட்டு, தூக்குவண்டிக்கும் பொட்டு, காவலாளியின் டார்ச் லைட்டுக்கும் பொட்டு. வைத்த பொட்டை யாரும் துடைக்கமாட்டோம். அதுவாகக் காய்ந்து உதிர வேண்டும். துடைத்தால் அந்த இயந்திரம் அன்றோடு மக்கர் பண்ணும் என்று படித்தவர்களே பயப்படுவார்கள். நானும்தான்.

பூஜைச் சாமான் வாங்குவது ஒவ்வொரு வருடமும் பேச்சித்தாய் பொறுப்பு. தேய்ப்புப் பிரிவின் மேற்பார்வையாளர் அவள். நாற்பது வயது இருக்கும். அவளுடைய வரிசையில் பதினான்கு பெண்கள் வேலை செய்தார்கள். அவள் குரல் கூடத்தின் இந்தக் கோடியில் எழுந்தால் அந்தக் கோடியில் இருக்கிறவர்கள் போனைப் பைக்குள் போட்டுவிடுவார்கள். வீட்டுக்காரர் உச்சிமாகாளிக்கு இதயம் பலவீனம். நெஞ்சுக்குள் ஒரு கருவி வைத்துத்தான் அது துடிக்கிறது. பெரியண்ணனின் கருவி. ஆலை கொடுத்த காப்பீட்டில் வைத்தது.

சாப்பாட்டு நேரத்தில் அவளைத் தேடிப் போனேன். சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. என்ன, இந்தப் பக்கம்?"

"ஒண்ணுமில்ல. வருசா வருசம் கேக்கற கணக்குதான். பூஜைக்கு என்னென்ன வாங்குன?"

வருடா வருடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. வாய் கூசாமல் சொன்னேன்.

அவள் விரல் மடக்கிச் சொன்னாள். பொரி, கடலை, வாழைப்பழம், சந்தன வில்லை, குங்குமம்.

"குங்குமம் எங்க வாங்குன?"

"எப்பமும் சிவன் கோயில் பக்கத்துல உள்ள கடையிலதான். இந்த வருசம் அந்தக் கடை பூட்டிக் கெடந்துச்சு. பைபாஸ்ல புதுசா வந்திருக்குல்லா பெரிய கடை, அங்கன வாங்குனேன். நல்லா பளபளன்னு இருந்துச்சு. ஏன் அண்ணாச்சி, எதும் தப்பா?"

"சேச்சே."

"அந்தப் பெட்டி என்னதான் பாக்கும் அண்ணாச்சி? பதினோரு வருசமா பாக்கேன், இன்னைக்கு வர எனக்குப் புரியல."

அவளுக்குச் சொன்னேன். ஒவ்வொரு ஊர் மண்ணுக்கும் கைரேகை மாதிரி ஒன்று உண்டு. உருக்கினாலும் அரைத்தாலும் அது போகாது. ஒரு சிட்டிகைப் பொடியை வைத்து அது எந்தச் சுரங்கத்தில் இருந்து வந்தது என்று சொல்லிவிடலாம்.

"அப்ப நம்மளயும் அதுல வச்சா, எந்த ஊரு அரிசி தின்னோம்னு சொல்லிருமோ?"

"சொல்லும்."

"ஆத்தாடி" என்று சிரித்தாள். "எங்க வீட்ல உள்ளவியள வச்சா பாதி பெரியண்ணன்னு சொல்லும்."

நானும் சிரித்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் எனக்கு என் முகத்தின் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

குங்குமம்தான். சந்தேகமே இல்லை. பளபளப்புக்காக அதில் கலக்கிற சிவப்புப் பொடி சின்னண்ணன் ஊர்ச் சுரங்கத்திலிருந்து வந்திருக்கும். ஆனால் கூடத்துக்குள் குங்குமம் போகவில்லையே. எல்லா இயந்திரத்துக்கும் சேர்த்து வெளிவாசல் நிலையில்தானே வைத்தார்கள்? நாற்பது பெட்டிக்குள் எப்படிப் போனது? இதை யோசித்துக்கொண்டே என் அறைக்குத் திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்து, மூலங்காட்டியைப் பார்த்தேன்.

அதன் நெற்றியில் என் பொட்டு இருந்தது.

பூஜையன்று மாலை பேச்சித்தாய் ஒரு காகிதத்தில் குங்குமம் மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். சந்தனத்தைக் குழைத்து, மேலே குங்குமத்தை அழுத்தி, நான்தான் என் கையால் வைத்தேன். ஒவ்வொரு வருடமும் அதே இடம்தான். சரியாகக் கருவி காற்று இழுக்கும் துளைக்கு மேலே. பழைய கடைக் குங்குமம் வெறும் மஞ்சளும் சுண்ணாம்பும். அது உதிர்ந்து உள்ளே போனாலும் எங்கள் ஊர் மண்ணாகத்தான் காட்டியிருக்கும்.

நகத்தால் கொஞ்சம் சுரண்டிக் கருவியின் வாயில் வைத்தேன். முகவரி எழுதாத குறையாகச் சுரங்கத்தின் பெயரையே சொன்னது. ஈரத்துணி எடுத்துப் பொட்டைத் துடைத்தேன். துளையைத் திறந்து ஊதிச் சுத்தம் செய்தேன். நாற்பது பெட்டியிலிருந்தும் ஒவ்வொரு காந்தமாக எடுத்துவந்து வைத்தேன். நாற்பது பூச்சியம். சரக்கில் ஒரு குறையும் இல்லை.

சந்தோஷமாக மச்சாதுவிடம் ஓடினேன். என் முட்டாள்தனத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. உண்மையைச் சொன்னால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைத்த கடைசி நாள் அது.

அவர் முழுவதும் கேட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உம்ம கருவியிலேயே அசுத்தம்னு எழுதச் சொல்லுதீரா?"

"அதுதானே சார் நடந்தது."

"இந்த வருசம் மட்டும்தான் பொட்டு வச்சீரா?"

நகத்தில் ஒட்டியிருந்த சிவப்பைத் தேய்த்தேன்.

"பதினோரு வருசம் வச்சிருக்கீரு. அதயும் கேப்பான். கருவி மேலயே சந்தேகம் வந்துட்டுன்னா நாம அனுப்புன அத்தன சரக்குக்கும் உம்ம சான்று செல்லாது. எல்லாத்தயும் திருப்பி அனுப்புவான். ஆலைய மூடிருவான் வே." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சான்று குடுக்கவன் பேரு அந்தக் கட்டத்துல வந்தா ஆளோட நிக்காது, ஆலையும் சேந்து போயிரும். அவன் அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கான்."

"அப்ப?"

"உள்ள கொண்டுவந்தவ யாரு?"

"சார், அவ வீட்டுக்காரன் நெஞ்சுல..."

"தெரியும்." அவர் குரல் முதல்முறையாக உடைந்தது. "எனக்குத் தெரியாதா? மூவாயிரத்து இருநூறு வீடு வே. ஒரு வீட்டுக்காக அத்தனயும் அணைக்கச் சொல்லுதீரா? சரி, அணைச்சிருவோம். உம்ம மகளுக்கு இன்னும் எத்தன மாசம்?"

"ஏழு."

அவர் கடிதத்தை என் பக்கம் தள்ளினார். மறுநாள் மாலை நாலு மணிக்கு, கெடு முடிய பதினாறு மணி நேரம் இருக்கும்போதே, என் அறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். "பூஜைக்காகத் தடைப்பொருள் கலந்த குங்குமத்தை வளாகத்துக்குள் கொண்டுவந்தவர்: உ. பேச்சித்தாய், மேற்பார்வையாளர், தேய்ப்புப் பிரிவு." ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எங்கே வைத்தார்கள், யார் வைத்தார்கள் என்று படிவம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவளிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூடம் என் அறையிலிருந்து அறுபது தப்படிதான்.

பதில் பத்தே நிமிடத்தில் வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது. ஒத்துழைப்புக்கு நன்றி.

அடுத்த நாள் காலை ஷிப்டுக்கு வாசலில் நல்ல கூட்டம். உள்ளங்கையைக் காட்டினால் கதவு திறக்கும். பேச்சித்தாய் காட்டினாள். திறக்கவில்லை. சேலையில் கையைத் துடைத்துவிட்டு மறுபடி காட்டினாள். கதவு பாடப்புத்தகத் தமிழில் பேசியது.

"வணக்கம், பேச்சித்தாய். உங்கள் அனுமதி திரும்பப் பெறப்பட்டுள்ளது. இந்த நாள் இனிய நாளாகட்டும்."

பின்னால் நின்ற பெண்கள் முதலில் சிரித்தார்கள். அவள் மூன்றாம் தடவை காட்டியபோது யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் என்னைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணாச்சி, இது என்னன்னு கொஞ்சம் பாருங்க. எம்பேர சொல்லிச் சொல்லி வெளிய போங்குது."

"கம்ப்யூட்டர் கோளாறா இருக்கும். நீ வீட்டுக்குப் போ. நான் பாத்துட்டுச் சொல்லுதேன்."

"இன்னைக்கு லோடு இருக்கே. பிள்ளைக தனியா என்ன செய்யும்?"

"நான் பாத்துக்கிடுதேன். போ."

அவள் போனாள். போகும்போது தன் வரிசைப் பெண் ஒருத்தியிடம் நாலாம் இயந்திரத்தில் சத்தம் வருகிறது, எண்ணெய் போட்டுவிட்டு ஓட்டு என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் உள்ளங்கையைக் காட்டினேன். கதவு எனக்கு வணக்கம் சொல்லித் திறந்தது.

மதியத்துக்குள் அவளுடைய போன் ஊமையாகிவிட்டது. சாயங்காலம் உச்சிமாகாளியின் மருத்துவமனையிலிருந்து ஆளையே அனுப்பிச் சொல்லியிருக்கிறார்கள். பெரியண்ணன் இரக்கமற்றவன் இல்லை. நெஞ்சுக்குள் இருக்கும் கருவியை அணைக்கமாட்டான். அது அவன் சட்டத்திலேயே இருக்கிறது. அணைக்கமாட்டான், அவ்வளவுதான். கருவியின் மின்கலத்துக்குத் தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை அவன் அலுவலகத்திலிருந்து சமிக்ஞை வரவேண்டும். அது இனி வராது; தொண்ணூறாம் நாள் கருவி தானாக நின்றுவிடும். அவளுக்குக் கொடுத்த கடிதத்தின் அடியில், "அறிவித்தவர்: மூலச் சோதனை அலுவலர்" என்றும் இருந்தது.

அவள் என்னைத் தேடி வந்து ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவள் தெரு வழியாகப் போவதை நான் நிறுத்திக்கொண்டேன். மீன் வாங்கக்கூட வேறு பக்கம் போனேன். மனதுக்குள் யாராவது கேட்டால் மூவாயிரத்து இருநூறு வீடு என்று பதில் வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அந்தப் பதிலைச் சொல்லியிருப்பேன்.

ஐம்பத்து மூன்றாம் நாள் ஆலையை மூடினார்கள்.

எங்கள் தப்பு எதுவும் இல்லை. பெரியண்ணன் காந்தமே தேவைப்படாத மோட்டார் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டான். சின்னண்ணனை இனி எதற்கும் கெஞ்சவேண்டாம் என்று அவன் நாட்டில் வெடி வெடித்துக் கொண்டாடினார்கள். எங்களுக்கு மரியாதையாக ஒரு கடிதம் வந்தது. மச்சாது ஒலிபெருக்கியில் அதைப் படித்தார். மூவாயிரத்து இருநூறு பேரும் அதே கதவு வழியாக வெளியே வந்தோம். வெளியே போகிறவர்களுக்கு அது ஒன்றும் சொல்லாது.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு ஒன்று புரிந்தது. நான் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொண்ட வீடுகளில் இப்போது என் கையில் மிச்சம் இருப்பது ஒன்றுதான். என் வீடு.

எழுபத்தோராம் நாள் சாயங்காலம் பேச்சித்தாய் வந்தாள். என் மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். நான்தான் கதவைத் திறந்தேன். அவள் பாதியாக இளைத்திருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

"உள்ள வரலாமா அண்ணாச்சி?"

"வா. உக்காரு."

உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அவரு எப்படி இருக்காரு?"

"இருக்காவ. மாடிப்படி ஏற முடியல. ராத்திரி படுத்தா மூச்சு வாங்குது, உக்காந்தே தூங்குதாவ." உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். "மதுரையில சின்னண்ணன் ஒரு ஆஸ்பத்திரி தெறந்திருக்கான். பெரியண்ணன் தள்ளுனவங்களையெல்லாம் எடுத்துக்கிடுதான். அவிய நெஞ்சுல உள்ளத மாத்தி அவனோடத வப்பானாம்."

"நல்லதுதானே."

"சும்மா செய்வானா? பெரியண்ணனோட பெட்டி பொய் சொல்லும்னு ஊரு உலகத்துக்குக் காட்டணும் அவனுக்கு. நடந்தத எழுதித் தரச் சொல்லுதான். எழுதிட்டேன். நான் எழுதுனது மட்டும் பத்தாதாம். பெட்டிகிட்ட இருந்த ஆளு சாட்சி சொல்லணுமாம்."

காகிதத்தை மேசையில் வைத்தாள். கீழே ஒரு கட்டம் இருந்தது. சாட்சியின் பெயர். காலியாக இருந்தது.

"பொட்ட வச்சது நீங்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் அண்ணாச்சி. கடுதாசியப் பாத்ததும் வெளங்கிட்டு. உங்க பேர நானே இதுல எழுதிருக்கலாம். ஆஸ்பத்திரியில உள்ள அம்மா அதத்தான் சொல்லிச்சு. பேர மட்டும் போடுங்க, மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்னு."

"பிறகு ஏன் எழுதல?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எம்பேர ஒருத்தர் என்னையக் கேக்காம எழுதுனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்லா."

சுவரில் சாய்ந்துகொண்டேன். அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு நான் சோறு தின்னுட்டிருக்கும்போது வந்து கேட்டியளே. அப்பமே விசயத்தச் சொல்லிருந்தா என்ன?"

"சொல்லியிருந்தா நீ என்ன செஞ்சிருப்ப?"

"ஏசிருப்பேன். உங்க சட்டையப் பிடிச்சிருப்பேன். பொறவு உக்காந்து யோசிச்சிருப்பேன். ரெண்டு பேருமா யோசிச்சிருக்கலாம்லா? அவியளுக்கு முன்கூட்டியே வேற வழி பாத்துட்டு எம்பேர குடுத்திருக்கலாம். நாப்பத்தெட்டு மணி நேரம் இருந்துச்சே அண்ணாச்சி. எனக்கு அதுல ஒரு மணி நேரம்கூட நீங்க தரல."

"எனக்குப் பயமா இருந்துச்சு" என்றேன். "ரித்திகா..."

"தெரியும். நீங்க இதுல பேரப் போட்டா பெரியண்ணன் உங்களயும் தள்ளிருவான். உங்க மகளயும் தள்ளிருவான். எல்லாம் யோசிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். அவளுக்கு இன்னும் எத்தன மாசம்?"

"அஞ்சு மாசம்கூட இல்ல."

"அவியளுக்குப் பத்தொம்பது நாளு."

இரண்டு எண்களும் மேசைமேல் கிடந்தன. அவள் கெஞ்சவில்லை. நான் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். ஈரக் கையோடு அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். இதையாவது சரியாகச் செய்துவிட வேண்டும் என்ற வெறிதான் அப்போது இருந்தது. யோசித்தால் மறுபடி கோழையாகிவிடுவேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும். காகிதத்தை இழுத்தேன்.

பேச்சித்தாய் காகிதத்தின் மேல் கையை வைத்தாள்.

"மகள்ட்ட கேட்டியளா?"

"அவ என்ன சொல்லப்போறா. நான் பிறகு சொல்லிக்கிடுதேன்."

"கேக்காம எழுதாதிய அண்ணாச்சி."

"பேச்சித்தாய், அவ வேண்டாம்னு சொல்லிட்டான்னா?"

அவள் முகம் ஒரு கணம் ஆடியது. பத்தொன்பது நாள் அவள் கண்ணில் வந்து போவதை நான் பார்த்தேன். ஆனால் கையை எடுக்கவில்லை.

"சொன்னா சொல்லட்டும். அவ படிப்புல்லா. கேளுங்க."

மணி ஆறரை. அங்கே காலை எட்டு. வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். போட்டேன். "என்னப்பா இந்நேரத்துல?" என்றாள். உட்காரச் சொன்னேன். குங்குமத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு வைத்தது, துடைத்தது, பெயர் எழுதியது, வாசலில் பொய் சொன்னது. என் மகளிடம் அப்படி ஒரு குரலில் நான் பேசியதே இல்லை. நடுவில் அவள் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று இரண்டு தடவை "இருக்கியாம்மா?" என்று கேட்டேன்.

கடைசியில் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"எழுபது நாளா இத என்கிட்ட ஏம்ப்பா சொல்லல?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அவங்க அங்கதான் இருக்காங்களா? போன அவங்ககிட்ட குடுங்க."

கொடுத்தேன். பேச்சித்தாய் போனைக் காதில் அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். ஒரு கை இன்னும் காகிதத்தின் மேலேயே இருந்தது. ரித்திகா என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

"ஆமாம்மா... உச்சிமாகாளி... பத்தொம்பது நாளு... இல்ல, அப்பாவ ஏசாத... நீ நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதியா? சாயங்காலம்கூடச் சொல்லு, நான் நாளைக்கு வாரேன்..."

பிறகு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "அழாத தாயி" என்றாள். அவளுடைய தோள்தான் குலுங்கிக்கொண்டிருந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை என்னிடம் நீட்டினாள். காகிதத்தின் மேலிருந்து கையை எடுத்தாள்.

"எழுதுங்க அண்ணாச்சி" என்றாள்.